மாவட்ட மத்திய கூட்டுறவு வங்கிகளின் நிதி அறிக்கையிடல்

மாவட்ட மத்திய கூட்டுறவு வங்கிகளின் நிதி அறிக்கையிடல் என்பது, இந்தியாவின் கூட்டுறவுக் கடன் அமைப்பில் இடைநிலையில் உள்ள வங்கிகள் தமது வரவு செலவு, சொத்துப் பொறுப்புகள், வாராக்கடன், மூலதனம் ஆகியவற்றைக் கட்டுப்பாட்டு அமைப்புகளுக்குக் குறித்த காலத்தில் தெரிவிக்கும் கடமையைக் குறிக்கும். இவ்வங்கிகளின் முதன்மை உறுப்பினர்கள் தனிமனிதர்கள் அல்லர். ஊர்தோறும் இயங்கும் தொடக்கக் கூட்டுறவுச் சங்கங்களே ஆவர். ஆகவே இவை கடன் சங்கங்களுக்கான கடன் சங்கங்கள் எனலாம். ஐக்கிய அமெரிக்காவில் "கார்ப்பரேட் கிரெடிட் யூனியன்" எனப்படும் அமைப்புகள் இவற்றுக்கு நெருங்கிய இணை ஆகும்.

தமிழ்நாட்டின் தென்காசி, குற்றாலம் பகுதிகளில் உள்ள தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்கள் திருநெல்வேலி மாவட்ட மத்திய கூட்டுறவு வங்கியுடன் இணைந்தவை. மத்திய வங்கி இந்திய ரிசர்வ் வங்கிக்கும் நபார்டு வங்கிக்கும் கணக்குக் காட்டுகிறது. அதனிடம் கடன் பெறும் ஊர்ச் சங்கமோ மாநிலக் கூட்டுறவுச் சட்டத்துக்கு மட்டும் கட்டுப்பட்டது. ஒரே பணம் இரு வேறு விதிமுறைகளின் கீழ்க் கணக்கிடப்படும் இந்நிலையே இத்துறையின் முதன்மையான சிக்கலாகக் கருதப்படுகிறது.

கட்டமைப்பு

தமிழ்நாட்டில் குறுகிய காலக் கூட்டுறவுக் கடன் அமைப்பு மூன்று அடுக்குகளைக் கொண்டது. அடித்தளத்தில் ஏறத்தாழ 4,500 தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்கள் உள்ளன. அவற்றுக்கு மேல் மாவட்ட மத்திய கூட்டுறவு வங்கிகள் உள்ளன. உச்சியில் தமிழ்நாடு மாநிலத் தலைமைக் கூட்டுறவு வங்கி உள்ளது.

பயிர்க்கடனுக்கான பணம் பெரும்பாலும் மேலிருந்து கீழே வருகிறது. நபார்டு தலைமை வங்கிக்கும், தலைமை வங்கி மத்திய வங்கிக்கும், மத்திய வங்கி சங்கத்துக்கும், சங்கம் உழவருக்கும் கடன் கொடுக்கிறது. ஒவ்வோர் அடுக்கும் தனக்குக் கீழுள்ள அடுக்கின் கணக்கை நம்பியே தன் கணக்கை எழுதுகிறது.

தென்காசி மாவட்டம் 2019 நவம்பர் 22 அன்று திருநெல்வேலி மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டுச் செயற்படத் தொடங்கியது. மாவட்டம் பிரிந்தபோதும் மத்திய கூட்டுறவு வங்கி உடன் பிரிக்கப்படவில்லை. 1986 இல் திருநெல்வேலியிலிருந்து பிரிந்த தூத்துக்குடி மாவட்டத்துக்குத் தனி மத்திய கூட்டுறவு வங்கி உள்ளது.

வரலாறும் சட்டப் பின்னணியும்

சென்னை மாகாணத்தில் நில அடமான வங்கிகள், வேளாண் வங்கிகள் பற்றி பிரெடரிக் நிக்கல்சன் அளித்த அறிக்கை கூட்டுறவுக் கடன் இயக்கத்துக்கு வித்திட்டது. 1904 இல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் இயற்றப்பட்டது. அதே ஆண்டில் திருவள்ளூரை அடுத்த திரூரில் வேளாண்மைக் கடன் சங்கம் தொடங்கப்பட்டது. 1905 இல் தோன்றிய சென்னை மத்திய நகர வங்கியே பின்னர் மாநிலத் தலைமைக் கூட்டுறவு வங்கியாக வளர்ந்தது. கடன் சங்கங்கள் அல்லாத பிற சங்கங்களுக்கும் மத்தியச் சங்கங்களுக்கும் 1912 ஆம் ஆண்டுச் சட்டம் இடமளித்தது.

தொடக்கத்தில் கூட்டுறவு வங்கிகளின் கணக்கைப் பார்க்கும் பொறுப்பு கூட்டுறவுச் சங்கங்களின் பதிவாளரிடம் மட்டுமே இருந்தது. 1966 மார்ச் 1 முதல் 1949 ஆம் ஆண்டின் வங்கி ஒழுங்குமுறைச் சட்டம் சில மாற்றங்களுடன் கூட்டுறவு வங்கிகளுக்கும் விரிவுபடுத்தப்பட்டது. அன்று முதல் நிர்வாகம், தேர்தல், பதிவு ஆகியன மாநில அரசிடமும், வங்கித் தொழில் சார்ந்தவை ரிசர்வ் வங்கியிடமும் இருக்கும் இரட்டைக் கட்டுப்பாடு நிலவுகிறது. 1982 ஜூலை 12 அன்று நபார்டு தொடங்கப்பட்டபின், மாநில, மாவட்டக் கூட்டுறவு வங்கிகளை ஆய்வு செய்யும் பணி அதனிடம் வந்தது.

தமிழ்நாட்டில் நடப்பில் உள்ளது 1983 ஆம் ஆண்டின் தமிழ்நாடு கூட்டுறவுச் சங்கங்கள் சட்டம் ஆகும். இது 1988 ஏப்ரல் 13 முதல் நடைமுறைக்கு வந்தது. இதன் 80 ஆம் பிரிவு தணிக்கை பற்றியும், 81 ஆம் பிரிவு விசாரணை பற்றியும், 82 ஆம் பிரிவு ஆய்வு பற்றியும், 87 ஆம் பிரிவு இழப்பை ஏற்படுத்தியவரிடமிருந்து தொகையை வசூலிக்கும் தண்டத் தீர்வை பற்றியும் கூறுகின்றன.

அரசியலமைப்பின் 97 ஆவது திருத்தம், ஒவ்வொரு கூட்டுறவுச் சங்கமும் நிதியாண்டு முடிந்து ஆறு மாதங்களுக்குள் தணிக்கையை முடித்து அறிக்கை அளிக்க வேண்டும் எனக் கூறியது. மாநிலங்களில் பாதியின் ஒப்புதல் பெறப்படாததால், பன்மாநிலக் கூட்டுறவுச் சங்கங்கள் தவிர்ந்த ஏனையவற்றுக்கு இத்திருத்தத்தின் ஒன்பதாம் 'பி' பகுதி செல்லாது என 2021 ஜூலை 20 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆகவே ஊர்ச் சங்கங்களுக்கு மாநிலச் சட்டமே ஆதாரமாக உள்ளது.

2020 ஆம் ஆண்டின் வங்கி ஒழுங்குமுறைத் திருத்தச் சட்டம் ரிசர்வ் வங்கியின் அதிகாரத்தைக் கூட்டியது. மாநில, மாவட்ட மத்திய கூட்டுறவு வங்கிகளுக்கு இது 2021 ஏப்ரல் 1 முதல் பொருந்துகிறது. தணிக்கையாளர் நியமனத்துக்கு ரிசர்வ் வங்கியின் முன் அனுமதி வேண்டும் என்பது இதன் முக்கிய மாற்றங்களுள் ஒன்று.

சமர்ப்பிக்க வேண்டிய அறிக்கைகள்

மாவட்ட மத்திய கூட்டுறவு வங்கி ஒன்று அளிக்க வேண்டிய அறிக்கைகளுள் முக்கியமானவை பின்வருமாறு:

- ஆண்டுக் கணக்குகள்: மார்ச் 31 அன்றைய இருப்புநிலைக் குறிப்பும் இலாப நட்டக் கணக்கும் வங்கி ஒழுங்குமுறைச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணைப் படிவங்களில் அமைய வேண்டும். தணிக்கை அறிக்கையுடன் இவற்றை அளிக்க முன்னர் ஆறு மாதக் கெடு இருந்தது. 2020 ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் அது மூன்று மாதங்களாகக் குறைந்தது. தேவைப்படின் ரிசர்வ் வங்கி கெடுவை நீட்டிக்கலாம்.
- ரொக்கக் கையிருப்பு, நீர்மை விகித அறிக்கைகள்: திரட்டிய வைப்புத்தொகையில் ஒரு பகுதி ரொக்கமாகவும் அரசுப் பத்திரங்களாகவும் வைக்கப்பட்டுள்ளதா என்பதை இவை காட்டும். 2025 ஆம் ஆண்டின் வங்கிச் சட்டங்கள் திருத்தச் சட்டம், வெள்ளிக்கிழமையை அடிப்படையாகக் கொண்ட இருவாரக் கணக்கை மாற்றி, மாதத்தின் 1 முதல் 15 வரை, 16 முதல் இறுதி நாள் வரை என வகுத்தது.
- மூலதன விகித அறிக்கை: இடர் அளவுக்கு ஏற்ப மதிப்பிட்ட சொத்துகளில் குறைந்தது 9 விழுக்காடு சொந்த மூலதனமாக இருத்தல் வேண்டும். 2014 இல் அறிவிக்கப்பட்ட இந்நிபந்தனையை 2017 மார்ச் 31 க்குள் எட்ட வேண்டும் என விதிக்கப்பட்டது.
- நபார்டின் புற ஆய்வு அறிக்கைகள்: சொத்துகள், பொறுப்புகள், வருவாய், வாராக்கடன் ஆகியன பற்றிய இவை இணையவழியில் அனுப்பப்படுகின்றன. நேரடி ஆய்வில் மூலதனம், சொத்துத் தரம், மேலாண்மை, வருவாய், நீர்மை, உள் அமைப்புகள், விதிகளுக்கு இணங்குதல் முதலிய கூறுகள் மதிப்பிடப்படுகின்றன.
- வைப்புக் காப்பீட்டு அறிக்கை: வைப்புத்தொகையின் அளவை அரையாண்டுதோறும் தெரிவித்து, அதற்கேற்பக் காப்பீட்டுக் கட்டணம் செலுத்த வேண்டும்.
- கோரப்படாத வைப்பு அறிக்கை: பத்து ஆண்டுகள் இயக்கப்படாத கணக்குகளின் விவரம் ஒவ்வொரு நாட்காட்டி ஆண்டு முடிந்ததும் 30 நாட்களுக்குள் அளிக்கப்பட வேண்டும்.
- பணப் பரிமாற்ற அறிக்கைகள்: ஒரு மாதத்தில் 10 இலட்சம் ரூபாயைத் தாண்டும் ரொக்கப் பரிமாற்றங்களும் ஐயத்துக்குரிய பரிமாற்றங்களும் மத்திய அரசின் நிதிப் புலனாய்வுப் பிரிவுக்குத் தெரிவிக்கப்பட வேண்டும்.

விதிகளை மீறும் வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி அபராதம் விதிக்கிறது. அபராத விவரம் செய்திக்குறிப்பாக வெளியிடப்படுவதால், பொதுமக்கள் தம் மாவட்ட வங்கியின் நிலையை ஓரளவு அறிய இயலும்.

வாராக்கடன் கணக்கீடு

நிதி அறிக்கையில் மிகவும் கவனிக்கப்படும் எண் வாராக்கடன் ஆகும். பொதுவாக வட்டியோ தவணையோ 90 நாட்களுக்கு மேல் நிலுவையில் இருந்தால் அக்கடன் வாராக்கடனாக வகைப்படுத்தப்படும். பயிர்க்கடனுக்கு விதி வேறு. குறுகிய காலப் பயிராயின் இரண்டு சாகுபடிப் பருவங்களும், ஓராண்டுக்கு மேற்பட்ட நீண்ட காலப் பயிராயின் ஒரு பருவமும் நிலுவை நீடித்த பின்னரே அது வாராக்கடன் ஆகும்.

தென்காசி வட்டாரத்தில் இவ்வேறுபாடு தெளிவாகத் தெரியும். இங்கு நெல் கார், பிசானம் என இரு பருவங்களில் பயிரிடப்படுகிறது. கார் சாகுபடி தென்மேற்குப் பருவமழையையும், பிசானம் வடகிழக்குப் பருவமழையையும் சார்ந்துள்ளது. கார் பருவத்துக்குப் பெற்ற கடன் குறித்த நாளில் திரும்பாவிட்டாலும், பிசானமும் அடுத்த காரும் கடக்கும் வரை மத்திய வங்கியின் ஏட்டில் அது நல்ல கடனாகவே நிற்கும். மழை தவறிய ஆண்டின் பாதிப்பு அறிக்கையில் ஓராண்டு அளவுக்குப் பிந்தியே வெளிப்படுவதற்கு இதுவே காரணம்.

குற்றாலத்தின் வணிகமோ அருவியைச் சார்ந்தது. ஜூன் முதல் ஆகஸ்டு வரையான சாரல் காலமே அங்குள்ள கடைகளுக்கும் விடுதிகளுக்கும் வருவாய்க் காலம். ஆனால் சிறு வணிகக் கடனுக்கு 90 நாள் விதியே பொருந்தும். ஒரே மழையை நம்பி வாழும் உழவருக்கு இரண்டு பருவ அவகாசமும் கடைக்காரருக்கு மூன்று மாத அவகாசமும் கிடைப்பது, நாடு முழுவதற்கும் பொதுவாக வகுக்கப்பட்ட விதியின் விளைவாகும்.

மற்றொரு நுட்பமும் உண்டு. சங்கத்தின் வழியே உழவருக்குச் செல்லும் வேளாண் கடன்களைப் பொறுத்தவரை, ஒரு சங்கத்தின் ஒரு கடன் கணக்கு வாராக்கடன் ஆனால் அக்கணக்கு மட்டுமே அவ்வாறு வகைப்படுத்தப்படும். அச்சங்கத்தின் பிற கடன்கள் பாதிக்கப்படமாட்டா. இவ்விதி இல்லையெனில் சில உறுப்பினர்களின் தவறுதலால் ஊர் முழுவதும் கடன் பெற இயலாமற் போகும்.

தள்ளுபடிகளும் கணக்கேடுகளும்

தமிழ்நாட்டில் கூட்டுறவுக் கடன்கள் பலமுறை தள்ளுபடி செய்யப்பட்டுள்ளன. 2016 இல் சிறு, குறு உழவர்களின் 5,780 கோடி ரூபாய் கடன் தள்ளுபடி அறிவிக்கப்பட்டது. 2021 பிப்ரவரி 5 அன்று 16.43 இலட்சம் உழவர்களின் 12,110 கோடி ரூபாய் பயிர்க்கடன் தள்ளுபடி அறிவிக்கப்பட்டது. அதே ஆண்டு நவம்பரில், குடும்பத்துக்கு 40 கிராம் வரை அடகு வைத்துப் பெற்ற நகைக்கடன்களைத் தள்ளுபடி செய்யும் அரசாணை வெளிவந்தது.

தள்ளுபடி என்பது உழவரைப் பொறுத்தவரை கடன் முடிவு ஆகும். சங்கத்தின் ஏட்டில் அது முடிவதில்லை. "உறுப்பினரிடமிருந்து வரவேண்டியது" என்ற தலைப்பில் இருந்த தொகை "அரசிடமிருந்து வரவேண்டியது" என்ற தலைப்புக்கு மாறுகிறது. அரசு அதனைப் பல ஆண்டுத் தவணைகளாக ஈடுசெய்யும்போது, இடைப்பட்ட காலத்தில் சங்கம் மத்திய வங்கிக்குச் செலுத்த வேண்டிய கடன் நின்றுகொண்டிருக்கும். உரிய நாளில் கடனைத் திருப்பிச் செலுத்துவோருக்கு வட்டியில்லாப் பயிர்க்கடன் வழங்கும் திட்டத்திலும் வட்டித்தொகை இவ்வாறே அரசிடமிருந்து வர வேண்டியுள்ளது.

ஆகவே ஓர் அறிக்கையில் வாராக்கடன் குறைந்திருப்பது வசூல் சிறந்ததாலா, தள்ளுபடியாலா என்பதை அந்த எண்ணை மட்டும் கொண்டு கூற இயலாது. "அரசிடமிருந்து வரவேண்டியது" என்ற தலைப்பையும் சேர்த்துப் படித்தல் வேண்டும்.

நகைக்கடன் தள்ளுபடிக்காகக் கணக்குகள் ஆராயப்பட்டபோது, சில சங்கங்களில் போலி நகைகள் மீதும், நகையே பெறாமலும் கடன் வழங்கப்பட்டிருந்தது தெரியவந்தது. ஒருவரே பல சங்கங்களில் ஏராளமான கடன்களைப் பெற்றிருந்ததும் வெளிப்பட்டது. ஆண்டுதோறும் தணிக்கை நடந்தும் இவை முன்னரே பிடிபடவில்லை. அவை வெளிவந்தது கடன் விவரங்கள் ஆதார் எண், குடும்ப அட்டை ஆகியவற்றுடன் ஒப்பிடப்பட்ட பின்னரே ஆகும்.

தொடக்கச் சங்கங்களின் நிலை

தொடக்க வேளாண்மைக் கடன் சங்கங்களுக்கு வங்கி ஒழுங்குமுறைச் சட்டம் பொருந்தாது. அதற்குப் பதிலாக அவை தம் பெயரில் "வங்கி" என்ற சொல்லைப் பயன்படுத்தக் கூடாது. தமிழ்நாட்டில் முன்னர் "தொடக்க வேளாண்மைக் கூட்டுறவு வங்கி" என விளங்கிய பெயர்ப்பலகைகள் "கடன் சங்கம்" என மாற்றப்பட்டன. எனினும் பேச்சு வழக்கில் அவை "கூட்டுறவு பேங்க்" என்றும் "சொசைட்டி" என்றும் அழைக்கப்படுகின்றன. பெயரில் "வங்கி" என்று சேர்த்துக்கொள்ளும் சங்கங்கள் குறித்து 2021 நவம்பர் 22 அன்று ரிசர்வ் வங்கி பொதுமக்களை எச்சரித்தது.

இவ்வேறுபாடு சொல்லளவில் முடிவதன்று. மத்திய கூட்டுறவு வங்கியின் தென்காசிக் கிளையில் பணம் போட்டவருக்கு, அசலும் வட்டியும் சேர்த்து 5 இலட்சம் ரூபாய் வரை வைப்புக் காப்பீடு உண்டு. 2020 பிப்ரவரி 4 க்கு முன்னர் இவ்வரம்பு 1 இலட்சமாக இருந்தது. அதே தொகையை ஊர்ச் சங்கத்தில் வைப்பாகச் செலுத்தியவருக்கு இக்காப்பீடு கிடையாது. இரண்டு இடங்களிலும் கையேடு ஒன்றுபோல் தோன்றுவதால் வைப்பாளர் பலர் இதனை அறிவதில்லை.

புளியரை வழியாகத் தென்காசியை அடுத்துள்ள கேரளத்தின் பட்டறிவு இங்குக் கருதத்தக்கது. அங்கு 2019 நவம்பர் 29 அன்று 13 மாவட்டக் கூட்டுறவு வங்கிகள் மாநிலக் கூட்டுறவு வங்கியுடன் இணைக்கப்பட்டு, கேரள வங்கி உருவாயிற்று, மூன்றடுக்கு இரண்டடுக்காயிற்று. மேலடுக்கு இவ்வாறு சீரமைக்கப்பட்ட பின்னரும், 2021 இல் திருச்சூர் மாவட்டத்தின் கருவண்ணூர் சேவைக் கூட்டுறவு வங்கியில் பெரும் கடன் முறைகேட்டுப் புகார்கள் வெளிவந்தன. வைப்பாளர் தம் பணத்தைத் திரும்பப் பெற இயலாமல் தவித்தனர். அது பெயரில் வங்கியாயினும் ரிசர்வ் வங்கியின் உரிமம் பெறாத தொடக்க நிலைச் சங்கமே ஆகும்.

இரு அடுக்குகளின் கணக்குகளையும் ஒப்பிட உதவும் ஓர் அளவு "இடைவெளி" எனப்படும். எடுத்துக்காட்டாக, ஒரு சங்கம் மத்திய வங்கிக்கு 1 கோடி ரூபாய் கடன்பட்டிருக்க, உறுப்பினர்கள் அச்சங்கத்துக்குத் தர வேண்டியது 80 இலட்சம் மட்டுமே எனில், இடைவெளி 20 இலட்சம் ஆகும். உறுப்பினர் திருப்பிச் செலுத்திய பணம் மேலே செல்லாமல் நட்டத்திலோ, சம்பளத்திலோ, கையாடலிலோ கரைந்திருக்கலாம். மத்திய வங்கியின் ஏட்டில் மட்டும் பார்த்தால் இது புலப்படாது.

கணினிமயமாக்கல்

பொருளியலாளர் அ. வைத்தியநாதன் தலைமையில் 2004 இல் அமைக்கப்பட்ட பணிக்குழு 2005 இல் அறிக்கை அளித்தது. சங்கங்களின் திரண்ட நட்டத்தை ஈடுசெய்வதோடு, ஒரே சீரான கணக்கு முறை, தனித் தணிக்கை, கணினிமயமாக்கல் ஆகியவற்றையும் அது பரிந்துரைத்தது. இதன்பின் தொடக்கச் சங்கங்களுக்குப் பொதுக் கணக்கு முறை வகுக்கப்பட்டது.

2022 ஜூன் 29 அன்று மத்திய அமைச்சரவை 63,000 தொடக்கச் சங்கங்களை 2,516 கோடி ரூபாய் செலவில் கணினிமயமாக்கும் திட்டத்துக்கு ஒப்புதல் அளித்தது. நபார்டு வழி நடைபெறும் இத்திட்டத்தில் தமிழ்நாடும் பங்கேற்றுள்ளது. ஊர்ச் சங்கத்தின் பதிவு அன்றன்றே மேலடுக்குக்குத் தெரிவதே இதன் நோக்கம். எனினும் அடகுப் பொட்டலத்தில் உள்ளது தங்கமா என்பதைக் கணினி கூறாது. பொட்டலத்தைப் பிரித்து எடையும் தரமும் பார்க்கும் நேரடி ஆய்வுக்கு மாற்று ஏதும் இல்லை.

பிற நாட்டு ஒப்பீடு

ஐக்கிய அமெரிக்காவில் தேசியக் கடன் சங்க நிர்வாகம் என்னும் ஒரே அமைப்பு, மத்தியக் கடன் சங்கங்களிடமிருந்து மாதந்தோறும் நிதி அறிக்கை பெறுகிறது. தனிமனிதர்களை உறுப்பினர்களாகக் கொண்ட கூட்டாட்சிக் கடன் சங்கங்களும் காப்பீடு பெற்ற பிற கடன் சங்கங்களும் அதே அமைப்புக்குக் காலாண்டு அறிக்கை அளிக்கின்றன. இருப்பினும் வீட்டு அடமானம் சார்ந்த பத்திரங்களில் முதலீடு செய்து இழந்ததால், 2009 மார்ச் 20 அன்று யு.எஸ். சென்ட்ரல், வெஸ்டர்ன் கார்ப்பரேட் ஆகிய இரு பெரும் மத்தியச் சங்கங்கள் அரசின் பொறுப்பில் எடுக்கப்பட்டன. 2010 இல் மூலதன, முதலீட்டு விதிகள் கடுமையாக்கப்பட்டன.

அங்கு இடர் மேலடுக்கில் தோன்றிக் கீழே பரவியது. தமிழகத்திலும் கேரளத்திலும் வெளிப்பட்ட முறைகேடுகளோ பெரும்பாலும் அடியடுக்கில் தோன்றியவை. ஆனால் கடுமையான அறிக்கை விதிகள் இந்தியாவில் இடையடுக்கிலிருந்தே தொடங்குகின்றன.

உறுப்பினர் உரிமைகள்

தணிக்கை செய்யப்பட்ட கணக்கு சங்கத்தின் பேரவைக் கூட்டத்தில் வைக்கப்பட வேண்டும். உறுப்பினர்களில் மூன்றில் ஒரு பங்கினர் விண்ணப்பித்தாலோ, கடன் வழங்கிய மத்திய வங்கி கேட்டுக்கொண்டாலோ, 81 ஆம் பிரிவின் கீழ்ப் பதிவாளர் விசாரணை நடத்தலாம்.

தலப்பலம் சேவைக் கூட்டுறவு வங்கி வழக்கில் 2013 அக்டோபர் 7 அன்று அளித்த தீர்ப்பில், கூட்டுறவுச் சங்கங்கள் பொதுவாகத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் பொது அதிகார அமைப்புகள் ஆகா என உச்ச நீதிமன்றம் கூறியது. ஆயினும் பதிவாளர் அச்சட்டத்துக்கு உட்பட்டவர். சட்டப்படி அவர் சங்கத்திடமிருந்து பெறக்கூடிய தகவலை, விதிவிலக்குகளுக்கு உட்பட்டு, அவரிடம் கேட்டுப் பெறலாம்.

எனவே ஒரு வைப்பாளர் அறிந்துகொள்ள வேண்டியவை சில உள்ளன. தாம் பணம் போட்டது மத்திய வங்கியிலா சங்கத்திலா, கடைசியாகத் தணிக்கை முடிந்த ஆண்டு எது, தணிக்கையில் சுட்டப்பட்ட குறைகள் எவை, உறுப்பினர் கடனுக்கும் மத்திய வங்கிக் கடனுக்கும் இடையே எவ்வளவு இடைவெளி உள்ளது என்பன அவை. மத்திய வங்கி ரிசர்வ் வங்கிக்கு அனுப்பும் அறிக்கையின் உண்மை, இறுதியில் ஊர்ச் சங்கத்தின் ஏட்டில் எழுதப்படும் பதிவின் உண்மையையே சார்ந்துள்ளது.